கொச்சிக்குக் கப்பலேறப் போகும் நம்மவர்கள் கவனத்திற்கு

முன்பெல்லாம் விடுமுறை என்றால் நமக்குப் பழனி, மிஞ்சினால் ஊட்டி. இப்போது ஆனைகட்டியிலும் அகளியிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் கப்பல் ஆசை வந்திருக்கிறது. லட்சத்தீவுக் கப்பல், மும்பை போகும் சொகுசுக் கப்பல் என்று பேச்சு அடிபடுகிறது. நல்லதுதான். ஆனால் கப்பலில் என்ன சாப்பாடு என்று பத்து நாள் விசாரிக்கிறவர்கள், வில்லிங்டன் தீவுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதை முதல் நாள் இரவுதான் யோசிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதிகாலையில் காரில் கிளம்பி அன்றைக்கே கப்பலேறிவிடலாம் என்ற எண்ணத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். கப்பல் பஸ் அல்ல; கை காட்டினால் நிற்காது. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள். நமக்கோ கொடுங்கரைப்பள்ளத்தைத் தாண்டிய உடனேயே சோதனை தொடங்கிவிடுகிறது. முக்காலி வழியாக மண்ணார்க்காடு இறங்கும் பாதை வரைபடத்தில் குட்டையாகத் தெரியும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி சிக்கினால் போதும், அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் மண் சரிவு வேறு. விடியுமுன் யானை நடமாட்டம் உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோவை, வாளையார் வழியாகச் சுற்றிப் போனால் 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனாலும் மழை மாதங்களில் அதுவே மேல். குதிரான் சுரங்கப்பாதையின் ஒரு குழாய் 2021-இலும் மற்றது 2022-இலும் திறந்தபின் பழைய குதிரான் மேட்டுத் தொல்லை தீர்ந்தது. திருச்சூருக்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். பாலியேக்கரை, சாலக்குடிப் பக்கம் சாலை நெரிசல் பொறுக்க முடியாமல், 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றமே சுங்க வசூலைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹர்த்தால் வேறு இருக்கிறது. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அடுத்த மாதமே ஒரு மின்னல் ஹர்த்தால் நடந்தது. ஆகவே முதல் நாளே எர்ணாகுளம் போய் ஒரு சாதாரண லாட்ஜில் தங்குங்கள். அந்த வாடகை, கப்பல் டிக்கெட் விலைக்கு முன் ஒன்றுமில்லை. வயதானவர்கள் இருந்தால் பாலக்காட்டிலிருந்து ரயிலில் எர்ணாகுளம் ஜங்ஷன் போய் அங்கிருந்து டாக்சி பிடிப்பது இன்னும் உத்தமம்.

காரில் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பள்ளியிலிருந்து பைபாஸில் வரும்போது குண்டன்னூரில் 2021-இல் திறந்த மேம்பாலம் இருக்கிறது. அதில் ஏறிவிட்டால் தீவுக்குத் திரும்பும் இடம் காலுக்குக் கீழே போய்விடும். பக்கச் சாலையிலேயே வந்து, சந்திப்பில் வலப்புறம் திரும்பித் தேவரைப் பாலத்தில் ஏறுங்கள். நகர நெரிசலுக்குள் நுழையாமல் தீவை அடையலாம். காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணால் பிரிஸ்டோ துரை காலத்தில் உருவாக்கிய தீவு அது. துறைமுகத்தின் உட்புறத்தில் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக நுழைந்தது 1928 மே 26 அன்று. வண்டிக்குப் பாலத்தை விட்டால் வேறு தரைவழி கிடையாது. 2024-இல் பழுதுபார்க்க இந்தப் பாலத்தை மூடியபோது எல்லோரும் சுற்றித்தான் போனார்கள். எனவே கிளம்புமுன் ஒரு போன் செய்து கேட்பது நல்லது. 2021-இல் திறந்த 'சாகரிகா' முனையமா, வேறு வாசலா என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வண்டி எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாக, மாநில எல்லை தாண்டும் பெர்மிட் உள்ளதாக இருக்கட்டும். தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பேசினால், விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். சொந்தக் காரைப் பல நாள் நிறுத்த இடம் உண்டா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்க வேண்டும். சில பயணங்கள் மும்பையிலேயே முடிந்துவிடும். கார் மட்டும் கொச்சியில் நிற்கும்!

நம் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இனிஷியல். ஆதாரில் ஒரு விதம், டிக்கெட்டில் தந்தை பெயர் முன்னால் வந்து இன்னொரு விதம். லட்சத்தீவில் இறங்க நுழைவு அனுமதியும் வேண்டுமாகையால், எல்லாத் தாளிலும் பெயர் ஓரெழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

போவதைவிடத் திரும்புவதில்தான் எனக்குக் கவலை அதிகம். கப்பல் காலையில் கரைக்கு வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வாசலில் ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் அடிதடி. அரை மணி பொறுத்துக் கடைசியில் இறங்கினால் ஒன்றும் குடிமுழுகாது. கப்பலை விட்டு இறங்கியும் சிலருக்கு ஒரு நாள் தரை ஆடுவது போலவே இருக்கும். குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரை போட்டவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. வேறு ஓட்டுநர் இல்லையென்றால் எர்ணாகுளத்தில் சாப்பிட்டு, சில மணி நேரம் தூங்கி எழுந்து கிளம்புங்கள்.

பொழுது சாயுமுன் முக்காலியைத் தாண்ட முடியாது என்று தோன்றினால், மண்ணார்க்காட்டிலோ பாலக்காட்டிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட வேண்டியதுதான். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டே என்பார்கள் வீட்டில். ஒரு நாள் லீவு லெட்டர் எழுதிக் கொடுங்கள்.