கூலிக்கு வாசித்த கீபோர்டு

ராக் இசைக்குழு என்றதும் நம் கண்ணில் முதலில் படுவது கிட்டார்காரரும் டிரம்ஸ்காரரும்தான். கீபோர்டுகாரர் மேடையின் ஓரத்தில் நிற்பார். ஆனால், பாட்டுக்குச் சதையும் நிறமும் கொடுப்பவர் பல நேரங்களில் அவர்தான். அமெரிக்காவின் ‘தி டோர்ஸ்’ குழு மேடையில் பேஸ் கிட்டார் கலைஞரே இல்லாமல் இயங்கியது. அந்த வேலையை ரே மன்சாரெக் தன் இடது கையால் கீபோர்டில் வாசித்தே முடித்துவிடுவார். இங்கிலாந்தின் ‘டீப் பர்ப்பிள்’ குழுவில் ஜான் லார்ட், ஆர்கனை கிட்டாருக்குரிய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அதை கிட்டாரைப் போலவே உறும வைத்தார்.

நம் சென்னையிலும் 1980-களில் ஒரு ராக் கீபோர்டு இளைஞர் இருந்தார். பெயர் திலீப் குமார். இன்று உலகம் அவரை அழைக்கும் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான். ஆஸ்கர், கிராமி எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அதற்கு முந்தைய ராக் கதையைத் தெரிந்துகொண்டால்தான், அந்த ஆஸ்கர் எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

அப்பா விட்டுப்போன கருவிகள்

ரஹ்மான் பிறந்தது 1967 ஜனவரி 6. அப்பா ஆர்.கே.சேகர், மலையாள சினிமாவில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் இருந்தவர். 1976-ல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு வயது ஒன்பது. அப்பா விட்டுப்போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அம்மா கரீமா குடும்பத்தை ஓட்டினார்.

பதினொரு வயது வாக்கிலேயே ரஹ்மான் கீபோர்டு வாசிக்கப் போனார். மாஸ்டர் தன்ராஜிடம் பாடம். வெளியே ரெக்கார்டிங் தியேட்டர்களில் வேலை. எம்.கே.அர்ஜுனன், எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி எனப் பலரிடம் வாசித்தார். படிப்பும் வேலையும் ஒன்றாக நடக்கவில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

சந்தவாசல், ஆரணிப் பக்கம் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. கூலி நெசவில் பாவும் பட்டும் முதலாளி கொடுப்பது. டிசைனும் அவர் கொடுப்பதுதான். ஜக்கார்டு அட்டையில் எந்த இடத்தில் துளை இருக்கிறதோ, அதன்படிதான் பாவு நூல் மேலே எழும். நெய்கிறவரின் கைத்திறன் சேலையில் இருக்கும். ஆனால், அந்த டிசைன் அவருடையதாக இருக்காது. ரெக்கார்டிங் தியேட்டரில் கீபோர்டு வாசிப்பதும் ஏறக்குறைய அதுதான். நோட்ஸ் இசையமைப்பாளருடையது. வாசித்து முடித்தால் சம்பளம்.

கிட்டார்காரர் சொன்ன சொல்

வேலை நேரம் போக மீதி நேரத்தில் நண்பர்களோடு ராக் வாசித்தார் ரஹ்மான். ‘ரூட்ஸ்’ குழுவில் டிரம்ஸ் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோர் உடன் இருந்தார்கள். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் சென்னையில் தொடங்கினார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை ரஹ்மானே சொல்லியிருக்கிறார். வயது பத்தொன்பது வாக்கில் இருக்கும். கூட வாசித்துக்கொண்டிருந்த கிட்டார் கலைஞர் ஒருவர் குடிபோதையில் திரும்பி, ‘என்ன வாசிக்கிறாய்? இது சினிமா இசையல்லவா’ என்கிற பொருளில் கேலி செய்துவிட்டார். அப்போது அதன் ஆழம் புரியவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் உறைத்தது. யார் யாரிடம் வாசித்தாரோ, அவர்களுடைய பாணியெல்லாம் தன் விரல்களில் ஏறியிருப்பதை அவர் உணர்ந்தார். அதன்பிறகு அந்தப் பாதிப்பிலிருந்து வெளியே வந்து, தனக்கென்று ஓர் ஒலியைத் தேடத் தொடங்கினார்.

கவனித்துப் பாருங்கள். அவர் வாசித்ததில் பிழை ஒன்றும் இல்லை. பெரிய மேதைகளிடம் கற்றதைத்தான் வாசித்தார். ராக் குழுவில் மட்டும் அது போதாமல் போனது. ஏனென்றால், ராக்கில் வாசிப்பவரே பெரும்பாலும் பாட்டையும் உருவாக்குவார். ‘உன்னுடைய பாட்டு எங்கே?’ என்ற கேள்வி அங்கே எழுந்தே தீரும். சினிமா ரெக்கார்டிங்கில் யாரும் கேட்காத கேள்வி அது. சம்பளம் தரும் வேலை அவருக்குக் கைத்திறனைக் கொடுத்தது. சம்பளம் பெரிதாக வராத ராக் குழு அந்தக் கேள்வியைக் கொடுத்தது.

வீட்டுக் கொல்லையில் ஒரு ஸ்டூடியோ

விடை தேட ஓர் இடம் வேண்டுமே! கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறமே ஸ்டூடியோ கட்டினார். அதுதான் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’. அறை தயாரானது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. அம்மா தன் நகைகளை அடகு வைத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று ரஹ்மான் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பட்டு வாங்க, தறி மாற்ற என நகை அடகுக்குப் போன வீடுகளுக்கு அந்த நாளின் கனம் தெரியும்.

விளம்பரப் பாடல்கள் செய்துகொண்டே அங்கே இரவு பகலாக ஒலிகளோடு பரிசோதனை நடத்தினார். அரை நிமிடத்துக்குள் ஒரு மெட்டு மனதில் ஒட்டவேண்டும் என்பது விளம்பரத்தின் விதி. அதுவும் நல்ல பயிற்சியானது. 1992-ல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. 2005-ல் ‘டைம்’ பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 10 சிறந்த திரையிசைகளில் அதையும் சேர்த்தது.

பழைய ராக் நண்பர்களும் கூடவே வந்தார்கள். சிவமணியின் தாளம் ரஹ்மான் பாடல்களில் தொடர்ந்து ஒலித்தது. 1993-ல் ‘ஜென்டில்மேன்’ படத்தின் ‘சிக்கு புக்கு ரயிலே’ பாடலைச் சிறுவன் ஜி.வி.பிரகாஷுடன் பாடியவர் சுரேஷ் பீட்டர்ஸ். அடுத்த ஆண்டு ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலிலும் அவர் குரல் உண்டு.

மறுபடியும் ராக்

2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக இரண்டு ஆஸ்கர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-ல், ரஹ்மான் மறுபடியும் ஒரு குழுவில் கீபோர்டு கலைஞர்! ‘சூப்பர்ஹெவி’ என்ற அந்தக் குழுவில் உடன் இருந்தவர்கள் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி. ஐந்து பேரும் சேர்ந்து பாடல்களை உருவாக்கினார்கள். ‘சத்யமேவ ஜயதே’ என்ற பாடலில் மிக் ஜாகர் சமஸ்கிருதத்தில் பாடினார். அதே ஆண்டு இம்தியாஸ் அலியின் ‘ராக்ஸ்டார்’ படத்துக்கும் ரஹ்மான்தான் இசை. சினிமா பாட்டு வாசிப்பதாகக் கேலிக்கு ஆளானவர், சினிமாவுக்குள்ளேயே ராக்கைக் கொண்டுவந்துவிட்டார்.

2008-ல் சென்னையில் அவர் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இன்று இளைஞர்கள் முறையாக இசை படிக்கிறார்கள். அங்கே சேர முடியாதவர்கள் கையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அதில் கீபோர்டும் டிரம்ஸும் ரெக்கார்டரும் இலவச ஆப்களாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் நகையை அடகு வைத்து வாங்கிய வசதி இது.

உங்கள் வீட்டுப் பிள்ளை அதில் யாரோ போட்ட பாட்டை அச்சு அசலாக வாசித்துக் காட்டினால் கைதட்டிப் பாராட்டுங்கள். அந்தப் பயிற்சி வேண்டும். ரஹ்மானுக்கும் அது பல ஆண்டுகள் தேவைப்பட்டது. பாராட்டி முடித்ததும், ‘சரி, உன் சொந்த மெட்டு ஒன்று வாசி, கேட்கிறேன்’ என்று அன்பாகக் கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் வராது. அடுத்த வாரம் மறக்காமல் மறுபடியும் கேளுங்கள்.