சங்கரன்கோவில் வெயிலும் சிக்கிம் வெள்ளமும்: மலை போடும் கணக்கு

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் வெயில் கொளுத்தும். ஏன்? தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளத்திலேயே பெருமழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாயில் நுழையும் மிச்சம் குற்றாலத்துக்குச் சாரல். சங்கரன்கோவிலை எட்டுவதற்குள் ஈரம் தீர்ந்துவிடும்.

பனிக்கும் இதே கணக்குதான். இமயத்தின் தென்சரிவில் பனி குவியும். மலைக்குப் பின்னால் இருக்கும் லடாக்கோ குளிர்ப் பாலைவனம். அண்டார்டிகாவில் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி முதலில் பிடித்த இடங்களில் ஒன்று காம்புர்ட்சேவ் மலைத்தொடர். உயரம் தந்த குளிர்தான் காரணம். இன்று அந்த மலையே பனிக்கடியில் புதைந்து கிடக்கிறது.

சரி, உருகும்போது? அப்போதும் மலைதான் முடிவு செய்கிறது. தடிமனான கற்குவியல் மூடிய பனி மெதுவாக உருகும். மெல்லிய தூசி படிந்த பனி சீக்கிரம் கரையும். பனியாறு குடைந்த பள்ளத்தில், பனி பின்வாங்கியதும் ஏரி உருவாகும். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அப்படி வளர்ந்ததுதான். 2023 அக்டோபரில் பக்கத்துச் சரிவு இடிந்து ஏரிக்குள் விழ, கரை உடைந்து, தீஸ்தா-3 அணையையே வெள்ளம் அடித்துச் சென்றது. ஆய்வாளர்கள் முன்பே எச்சரித்த ஏரி அது.

ஆக, ‘வெப்பம் கூடினால் பனி உருகும்’ என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் போதாது. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் இருக்கும் பனியாறுகள்கூட வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். கீழே அணை கட்ட அனுமதி தரும் முன், மேலே உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால், ஏரி உடையும்வரை காத்திருக்கக் கூடாது.