'நம்பர் 1' எப்படிக் கிடைக்கிறது? பி.டி.எஸ். பாடல்கள் காட்டும் கணக்கு

"பி.டி.எஸ். பாடல் பில்போர்டில் முதலிடம்." இந்தச் செய்தி உங்கள் கைத்தொலைபேசியில் பலமுறை வந்திருக்கும். நீங்கள் ரசிகர் என்றால் அடுத்த நிமிடமே நண்பர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள். ரசிகர் இல்லை என்றால், "வானொலியில் நான் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லையே, பிறகு எப்படி நம்பர் 1?" என்று யோசித்திருப்பீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது எப்படி?

முதலில், ஏன் இதை இப்போது பேசுகிறோம்? தென்கொரியாவிலும் நம்ம ஊர் என்எஸ் மாதிரி கட்டாய தேசிய சேவை உண்டு. குழுவின் ஏழு பேரும் 2025 ஜூன் மாதத்துக்குள் அதை முடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே, 2026 வசந்தகாலத்தில் புதிய இசைத்தொகுப்பு வரும் என்று அறிவித்தார்கள். புதிய தொகுப்பு என்றால் மறுபடியும் பட்டியல், மறுபடியும் முதலிடம், மறுபடியும் அதே சண்டை. சண்டைக்கு முன்பு கணக்கைத் தெரிந்துகொள்வோம்.

இதுவரை என்ன சாதித்தார்கள்?

பி.டி.எஸ். அறிமுகமானது 2013 ஜூன் 13 அன்று. ஐந்து ஆண்டு கழித்து, 2018 மே மாதம் வெளிவந்த 'லவ் யுவர்செல்ஃப்: டியர்', அமெரிக்காவின் பில்போர்ட் 200 இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரியக் கலைஞர்கள் யாரும் அதற்குமுன் அந்த இடத்தைத் தொட்டதில்லை. 2022-ல் வந்த 'புரூஃப்' வரை மொத்தம் ஆறு தொகுப்புகள் அங்கே முதலிடம் பெற்றன.

தனிப்பாடல்களுக்கான பட்டியல் ஹாட் 100. அதில் 2020 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த 'டைனமைட்' அவர்களின் முதல் நம்பர் 1. அடுத்த ஓராண்டு சொச்சத்தில் மேலும் ஐந்து: 'சேவேஜ் லவ்' ரீமிக்ஸ், 'லைஃப் கோஸ் ஆன்', 'பட்டர்', 'பெர்மிஷன் டு டான்ஸ்', கோல்ட்பிளே குழுவுடன் 'மை யுனிவர்ஸ்'. 'பட்டர்' மட்டும் மொத்தம் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

இவை யாரும் மறுக்க முடியாத பதிவுகள். ஆனால், இவை எதை அளக்கின்றன?

ஹாட் 100 ஒரு முக்காலி

1958 முதல் வெளிவரும் இந்தப் பட்டியல் இன்று மூன்று கால்களில் நிற்கிறது. ஒன்று, இணைய ஒலிபரப்பில் பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது. இரண்டு, வானொலியில் அது எத்தனை பேர் காதில் விழுந்தது. மூன்று, எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். மூன்றும் அமெரிக்காவுக்குள் நடந்தவையாக இருக்க வேண்டும்.

இந்தக் கால்களின் நீளத்தை முடிவு செய்வது பில்போர்ட். ஓர் உதாரணம் பாருங்கள். 2012-ல் சை பாடிய 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் ஒரு பில்லியன் பார்வைகளைத் தாண்டிய முதல் காணொளி. உலகமே அதற்கு ஆடியது. ஆனால் ஹாட் 100-ல் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. யூடியூப் பார்வைகளைப் பில்போர்ட் கணக்கில் சேர்த்தது 2013 பிப்ரவரியில்தான். சில மாத வித்தியாசம்தான்!

இரண்டு பாடல்கள், இரண்டு முதல் வாரங்கள்

இப்போது பி.டி.எஸ். பக்கம் வருவோம். 'டைனமைட்' முழுக்க முழுக்க ஆங்கிலப் பாடல். முதல் வாரத்தில் அமெரிக்க வானொலி மூலம் அது 11.6 மில்லியன் செவிகளைச் சென்றடைந்ததாகக் கணக்கிடப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'லைஃப் கோஸ் ஆன்' பெரும்பாலும் கொரிய மொழிப் பாடல். அதற்கு முதல் வாரத்தில் வானொலியில் கிடைத்தது 410,000 மட்டுமே. அதே குழு, சில மாத இடைவெளி, கிட்டத்தட்ட 28 மடங்கு வித்தியாசம்!

ஆனாலும் அது முதலிடத்திலேயே அறிமுகமானது. பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த பாடல் ஒன்று ஹாட் 100-ல் அப்படி அறிமுகமானது அதுவே முதல்முறை. எப்படி முடிந்தது? அந்த வாரம் ஏறக்குறைய 150,000 பிரதிகள் விற்றன. வானொலி என்ற கால் குட்டையாக இருந்ததால், வாங்குதல் என்ற காலை ரசிகர்கள் நீட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் என்ன ஆனது? பாடல் 28-ஆம் இடத்துக்கு இறங்கியது. முதல் வாரத்திலேயே வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டால், இரண்டாம் வாரம் பாடலைத் தாங்கிப் பிடிக்க வானொலி வேண்டும். அது இல்லை. 2023-ல் குழுவின் ஜிமின் தனியாகப் பாடிய 'லைக் கிரேஸி'யும் இப்படித்தான்: முதல் வாரம் 1, இரண்டாம் வாரம் 45.

வாங்கினால் ஏன் அவ்வளவு மதிப்பு?

இசைத்தொகுப்புப் பட்டியலுக்கு 2018-ல் வகுத்த கணக்கைப் பார்த்தால் புரியும். அந்தக் கணக்கின்படி, கட்டணச் சந்தாதாரர்கள் பாடல்களை 1,250 முறை கேட்டால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமமாக இருந்தது. பத்துப் பாடல்களைப் பதிவிறக்கம் செய்து வாங்கினாலும் ஒரு தொகுப்புக்குச் சமம்.

வகுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் ஒரு பாடலை ஒருமுறை வாங்குவது, 125 முறை கேட்பதற்கு ஈடாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு டாலர் சொச்சம் இருந்தால் போதும். அப்படியானால் தீவிர ரசிகர் எதைச் செய்வார்?

2020-ல் வந்த 'மேப் ஆஃப் த சோல்: 7' முதல் வாரத்தில் பில்போர்ட் கணக்கில் 422,000 எண்ணிக்கை பெற்றது. அதில் 347,000 நேரடியாகத் தொகுப்பை வாங்கியது. பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல்! அந்தக் குறுந்தட்டு நான்கு வடிவங்களில் வந்தது. உள்ளே எந்த உறுப்பினரின் படஅட்டை இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். நான்கையும் வாங்கியவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருந்திருக்கலாம்.

அப்போ இது ஏமாற்று வேலையா?

சிலர் அப்படித்தான் சொன்னார்கள். 'பட்டர்' வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தபோது, ஒரே ரசிகர் பல பிரதிகள் வாங்குவதும், வெளிநாட்டு ரசிகர்கள் பணம் திரட்டி அமெரிக்காவில் இருப்பவர்களை வாங்க வைப்பதும் பெரிய விவாதமானது.

ஆனால் அவர்கள் செய்தது அன்றைய விதிக்கு உட்பட்டதுதான். பல வடிவங்களில் விற்பதும் கே-பாப் மட்டும் செய்யும் வேலை இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' தொகுப்புக்கு 2022-ல் நான்கு அட்டைகள். பின்பக்கங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் கிடைக்கும். சட்டையோடும் இசைநிகழ்ச்சி டிக்கெட்டோடும் தொகுப்பைச் சேர்த்து விற்பது அமெரிக்கக் கலைஞர்களிடம் சாதாரணமாக இருந்தது. 2020-ல்தான் பில்போர்ட் அதற்குக் கடிவாளம் போட்டது. பதிவிறக்கத்தில் ஒருவர் வாரத்துக்கு ஒரு பிரதிக்குமேல் வாங்கினால் கணக்கில் வராது என்ற விதி 2022 தொடக்கத்தில் வந்தது.

ரசிகர்கள் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. வானொலியில் எந்தப் பாடல் ஒலிக்கும் என்பதை நிலையங்கள் முடிவு செய்கின்றன. ஆங்கிலம் இல்லாத பாடலுக்கு அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதை மேலே உள்ள 11.6 மில்லியனும் 410,000-மும் சொல்லிவிட்டன. கதவு திறக்காதபோது ஜன்னல் வழியாக வந்தவர்களை மட்டும் குறை சொல்வது சரியா?

அதேநேரம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேர் ஆளுக்கு ஒருமுறை ரசிப்பதும், பத்துப் பேர் ஆளுக்குப் பத்துமுறை வாங்குவதும் பட்டியலில் ஒரே மாதிரி தெரியலாம். முன்னது பரவலான விருப்பம். பின்னது ஆழமான பற்று. இரண்டும் உண்மையானவை, இரண்டும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு?

2019 ஜனவரியில் நம் தேசிய விளையாட்டரங்கத்தில் பி.டி.எஸ். பாடியதை இன்னும் மறக்காதவர்கள் பலர். ஆனால் தெம்பனிஸில் இருந்துகொண்டு இரவு முழுக்கப் பாடலை ஓடவிட்டாலும் ஹாட் 100-ல் ஒரு புள்ளிகூட ஏறாது. அது அமெரிக்கக் கணக்கு. நீங்கள் கேட்பது சேரும் இடம் பில்போர்டின் குளோபல் 200. 200-க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களில் இருந்து தரவு திரட்டும் அந்தப் பட்டியல் 2020 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வானொலிக்கு இடமே இல்லை.

அடுத்த முறை 'முதலிடம்' என்ற செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

- எந்தப் பட்டியல்? எந்த நாடு?
- கேட்டதால் வந்ததா, வாங்கியதால் வந்ததா?
- இரண்டாம் வாரம் எங்கே இருக்கிறது?

செய்தி அறையில் நாங்களும் தலைப்பில் 'முதலிடம்' என்றுதான் போடுகிறோம். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்காக நான்காவது குறுந்தட்டை வாங்கலாமா என்று நீங்கள் யோசித்தால், ஒன்றை நினைவில் வையுங்கள். உங்களுக்குப் பாடல் பிடித்திருப்பதை நிரூபிக்க எந்தப் பட்டியலும் தேவையில்லை. முதல் தட்டிலேயே பாடல் முழுசாக இருக்கிறது.