எதிர்காற்றில் ஒரு சுற்றுலா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விடுமுறை என்றால் ஓய்ந்திருப்பது என்று பொருள் கொள்வோர் பலர். அயர்லாந்து நாட்டிலோ நண்பர்கள் எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து, மிதிவண்டியேறிக் கிராமம் கிராமமாகச் சுற்றுவதையும் விடுமுறை என்கிறார்கள். மூட்டை முடிச்சுகளை வேன் ஒன்று முன்னே கொண்டுபோய் இறக்கிவிடும். சாப்பாடும் படுக்கையும் வழியில் தயார். கொடுத்து வைத்தவர்கள்! அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களில் பலர் போகும் திசையைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

நாட்டின் மேற்கே, மேயோ வட்டாரத்தில், வெஸ்ட்போர்ட் நகரிலிருந்து நியூபோர்ட், மல்ரானி வழியாக ஆக்கில் தீவின் வாயில் வரை 42 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை ஒன்று செல்கிறது. 'கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே' என்று பெயர். 2010-11இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் கிளூ விரிகுடா. மறுபக்கம் மலையும் சதுப்பு நிலமும். நிலச் சொந்தக்காரர்கள் மனமுவந்து வழிவிட்டார்கள் என்பது பாராட்டுக்குரியது.

அங்கே காற்று பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும். ஆகவே பல குழுக்கள் பஸ்ஸில் ஆக்கில் வரை போய் இறங்கி, காற்று முதுகைத் தள்ள, கிழக்கே வெஸ்ட்போர்ட்டுக்கு மிதித்து வருகின்றன. கால்வலி மிச்சம்! ஆனால் அந்தப் பாதை எதன்மேல் போடப்பட்டது? பழைய ரயில் தடத்தின்மேல்.

1894 ஜூன் மாதம், ஸ்காட்லாந்துக்கு அறுவடைக் கூலிவேலைக்குப் போக ஆக்கில் தீவின் இளைஞரும் பெண்களும் படகேறினர். வெஸ்ட்போர்ட் துறையில் கப்பல் காத்திருந்தது. அதைப் பார்க்கும் ஆவலில் எல்லாரும் ஒரு பக்கமாக நெருக்கவே, படகு கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். பொதுமக்களுக்கு இன்னும் திறக்கப்படாத தடத்தில் ஆக்கில் நோக்கி முதன்முதலாக ஓடிய ரயில், அவர்கள் உடல்களைத்தான் சுமந்து சென்றது. 1937 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கர்கின்டில்லாக்கில் உருளைக்கிழங்கு தோண்டும் வேலைக்குப் போயிருந்த ஆக்கில் பிள்ளைகள் 10 பேர், தூங்கிய கொட்டகையில் தீப்பிடித்து இறந்தனர். மூத்தவனுக்கு வயது 23, இளையவனுக்கு 13! அவர்கள் உடல்களும் அதே தடத்தில்தான் வீடு திரும்பின. அம்மாத இறுதியோடு ரயிலும் நின்றது.

முதல் ரயிலும் கடைசி ரயிலும் பிணம் சுமக்கும் என்று அங்கே பழைய வாக்கு ஒன்று உண்டாம். அறிவியல் படிக்கும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகளைக் கடல் கடந்து கூலிக்கு அனுப்பிய வறுமைதான் காரணம் என்பேன். பருவந்தோறும் கரும்பு வெட்ட வெளியூர் போகும் வீடுகளுக்கு நடுவிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான். இதைப் படித்தபின் அந்தப் பாதையை வெறும் உல்லாசப் பாதையாக எண்ண முடியவில்லை.

கூலிக்குப் போனவர்கள் வீடு திரும்பிய திசை மேற்கு. குழுக்களும் மேற்கு நோக்கியே போக வேண்டும் என்பது என் கட்சி. 'விடுமுறையில் இழவு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். பாட வேண்டாம், சிரிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? காற்று எதிர்த்தால் வேகம் குறையும். குறைந்தால் நியூபோர்ட்டின் ஏழு கண் பாலம் நின்று பார்க்கக் கிடைக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று படித்திருக்கிறோமே! ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் முன்னவர் காற்றைத் தாங்குவார். பின்னவருக்குப் பாரம் குறையும். முன்னவர் களைத்தால் அடுத்தவர் முன்னே வரட்டும். இதற்குக்கூட உதவாவிட்டால் குழுவாகப் போவானேன்?

இரவு மல்ரானியில் தங்கலாம். மறுநாள் பாலம் கடந்து தீவுக்குள் தெற்கே திரும்பினால் கில்டேவ்னெட் இடுகாடு. 1894இல் மூழ்கியவர்களும் 1937இல் எரிந்தவர்களும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வண்டிகளைச் சாய்த்துவைத்து அரைமணி நேரம் நிற்கட்டும். பிறகு திரும்பலாம், காற்று முதுகில் இருக்கும்.