பல்லைத் தின்ற கவலை

கொரோனா பயம் உலகத்தை ஆட்டிய நேரம். அமெரிக்காவில் பல் டாக்டர்களைத் தேடிப் பலர் வந்தார்கள். கீழே விழுந்து அடிபட்டவர்கள் அல்ல. ஆனால் பல்லில் விரிசல், தாடையில் வலி!

2021-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் விசாரித்தது. பல் கடிப்பவர்கள் அதிகமாகிவிட்டதாக 100-க்கு 70-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் சொன்னார்கள். 2020-ல் அப்படிச் சொன்னவர்கள் 60-க்கும் குறைவு.

கவலைதான் காரணம் என்று டாக்டர்கள் கருதினார்கள். வேலை போகுமோ, உயிர் போகுமோ என்று பகலெல்லாம் கவலை. ராத்திரி அது பல்லில் இறங்கியது. மதுவும் சிகரெட்டும்கூட இதைக் கிளப்பும். (நம் பாட்டிமார் வயிற்றுப் பூச்சியைக் குற்றம் சொல்வார்கள். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.)

கடிப்பவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்தவருக்குத்தான் நறநறவென்று கேட்கும்.

திரும்ப வளராது

பல்லின் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் முறிந்த எலும்பு கூடும். தேய்ந்த எனாமல் வளராது.

சிறிய உடைசலைப் பல்லின் நிறத்திலேயே பூசி அடைக்கலாம். அதிகம் தேய்ந்தால் 'கேப்' போடலாம். வேர் வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

பணம் செலவழித்து கேப் போட்டுவிட்டு, அன்று ராத்திரியே பழையபடி கடித்தால்? கேப்பும் உடையும்! அதனால்தான் வாய்க்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்கிறார்கள். அது கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதில் உறை தேயும். குறட்டையும் மூச்சடைப்பும் உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு உறை மூச்சடைப்பை அதிகமாக்கக்கூடும்.