ஆய்வகத்தைப் பூட்ட வேண்டாம், தண்ணீர் வரட்டும்

2014 ஜனவரி 2ஆம் தேதி, நியூயார்க்கின் பீக்கன் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் வகுப்பு. உலோக உப்புகள் தீயில் விதவிதமாக நிறம் காட்டும் ‘வானவில்’ சோதனை நடந்துகொண்டிருந்தது. பெரிய கலனிலிருந்து மெத்தனாலை ஊற்றியபோது அதன் ஆவி குப்பென்று பற்றிக்கொண்டது. மாணவர்கள் இருவர் காயமடைந்தனர். ஒருவருக்கு மிகக் கடுமையான தீக்காயம்.

நெஞ்சை அறுக்கும் செய்தி வேறொன்று. இந்தச் சோதனையின் ஆபத்தை விளக்கி அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் ஒரு காணொளியைச் சில வாரங்களுக்கு முன்புதான், 2013 டிசம்பரில், வெளியிட்டிருந்தது. 2006இல் ஓஹையோவில் இதே சோதனையில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணே அதில் பேசியிருந்தார். அந்த எச்சரிக்கை வகுப்பறைவரை போய்ச்சேரவில்லை. அதே 2014 செப்டம்பரில் ரீனோ நகர அருங்காட்சியகம் ஒன்றிலும், டென்வர் பள்ளி ஒன்றிலும் மெத்தனால் மறுபடியும் பிள்ளைகளைச் சுட்டது.

ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸிலேயே மெத்தனாலின் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேர்ந்துவிடும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஊறிய மரக்குச்சியைப் பர்னர் சுடரில் காட்டினாலே அந்த நிறங்கள் எல்லாம் வரும். மெத்தனால் தேவையே இல்லை.

அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த ஒரு குழு தமிழ்நாட்டு மக்கள்முன் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. எரிவாயு இணைப்பு இல்லாத பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்குதான் கைகொடுக்கிறது. செய்முறைத் தேர்வு அவசரத்தில், அணைத்த விளக்கின் திரி ஆறுமுன்பே ஸ்பிரிட் ஊற்றினால், அதுவும் நெருப்பருகே எரிபொருளை ஊற்றும் அதே தவறுதான். பிளஸ் டூ தரம்பார்த்தலில் ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சும் பழக்கமும் இன்னும் போகவில்லை. அது நஞ்சு. சில நூறு ரூபாய் ரப்பர் பல்ப் ஒன்று இருந்தால் வாய் வைக்கவே வேண்டியதில்லை.

விபத்து நடந்ததும் “பையன் கவனமா இல்ல” என்று முடித்துவிடுவதை இக்குழு ஏற்கவில்லை. நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைகள், பெயர்ச்சீட்டு உரிந்த அமில பாட்டில், வறண்ட குழாய், ஒற்றை ஆசிரியர் என்று இருக்கும் அறையில் கவனம் மட்டும் என்ன செய்யும்? பயந்து ஆய்வகத்தையே பூட்டிவிடுவதும் தீர்வல்ல. செய்து பார்க்காத வேதியியல் வெறும் மனப்பாடம்.

ஆகவே பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவசியம் போகவேண்டும் என இக்குழு வேண்டுகிறது. அங்கே முதலில் கேட்கவேண்டியது, ஆய்வக நேரம் முழுக்கக் குழாயில் தண்ணீர். கண்ணில் அமிலமோ காரமோ தெறித்தால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவவேண்டும். வாளித் தண்ணீர் அதற்குக் காணாது. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, பிப்பெட் பல்ப், மணல் வாளி, சிறு சிறு அணிகளாகச் செய்முறை. நன்கொடை தர விரும்பும் ஊர்ப் பெரியவர்கள் இந்த ஆண்டு அதை இவற்றுக்கே தரலாம்.

விபத்து நேர்ந்தால் அதை மறைக்காமல் எந்தச் சோதனை, எந்த ரசாயனம், எத்தனை பேர் கொண்ட அணி என்று பதிவேட்டில் எழுதவும், காயம்பட்ட பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு அதன் நகலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பவும் தலைமையாசிரியர்களை இக்குழு கேட்டுக்கொள்கிறது.