மாசி பிறக்கும் முன்: பொட்டிபுரம் வட்டாரக் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், பொட்டிபுரம், போடி, தேவாரம், குரங்கணி அடிவார மக்கள் எழுதுவது.

மாசியில் இங்கே காற்று ஓயும். பொழுது சாய்ந்ததும் மலைச்சரிவுகள் குளிர்ந்து, கனத்த காற்று கீழே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்துக்கொள்ளும். காட்டுத்தீ, குப்பைமேடு, வண்டிகள் என எல்லாப் புகையும் அந்த மூடிக்கு அடியில்தான். காலை வெயில் ஏறித் தரை சூடான பிறகே அது கலையும். கலைந்தாலும் தொல்லை தீராது. வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் உச்சிவெயிலில் ஓசோன் உண்டாக வழிசெய்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வந்து பெருக்கித் தள்ளும்வரை இதே கதைதான். காற்றை வரவழைக்க எவராலும் ஆகாது. புகையைக் குறைக்க உங்களால் ஆகும்.

இங்குள்ள அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோத் துகளைப் பிடிக்க 50,000 டன் இரும்பில் கருவி வைக்கத் திட்டம் போட்டார்கள். மலைக்கு வெளியே நாங்கள் இழுக்கும் மூச்சை அளக்க அவ்வளவு இரும்பு தேவையில்லை. போடியில் ஒன்றும் பொட்டிபுரம் அடிவாரத்தில் ஒன்றுமாக, இரவு பகல் இயங்கும் காற்றுத்தர நிலையங்கள் வேண்டும். காற்றின் வேகமும் திசையும் கூடவே பதிவாக வேண்டும். 2009 தேசியத் தர அளவுப்படி, மிக நுண்ணிய துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஓசோன் 8 மணி நேரத்துக்கு 100. அன்றன்றைய அளவை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். தள்ளிப்போட்டால் இன்னொரு கோடை கணக்கில் வராமலே போகும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய தீ, மலையேற வந்த 20 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தீத்தடுப்புக் கோடுகளைத் தை முடிவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். அந்தக் கூலி மலைக்கிராமத்தாருக்கே சேர வேண்டும். செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் தீ எச்சரிக்கை, வனத்துறைக்குப் போகும் அதே நேரத்தில் ஊராட்சிக்கும் வரட்டும். புல் காய்ந்த பிறகு கோடு வெட்டப் போவது தீயோடு ஓடிப் பிடித்து விளையாடுவது.

குப்பையைத் திறந்தவெளியில் எரிக்க விதிகளே தடை சொல்கின்றன. புதுச் சட்டம் கேட்கவில்லை. இருப்பதை நாளையே நடத்துங்கள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்ப் புகைமேல் பழிபோட வேண்டாம். கோடையில் காய் எடுப்பு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளும் லாரிகளும் ஓய்வதில்லை. அந்த மலைப்பாதை தொடங்கும் முந்தலில் இலவசப் புகைச் சோதனை வேண்டும். பழுதுபார்க்க அவகாசம் கொடுங்கள். அந்த ஜீப்புகளில் தோட்டத்துக்குப் போகும் பெண்களின் ஒருநாள் கூலி வழியில் பறிபோகக் கூடாது.

புகை தேங்கும் நாளில் பள்ளி விளையாட்டு வகுப்பைக் காலையில் வைக்காதிருக்க ஓர் உத்தரவு போதும்.

எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் நேரில் வந்து சொல்லுங்கள். முடித்த கணக்கை ஜனவரி 26 சபையில் வையுங்கள். அதன்பின் மாசி பிறக்க மூன்று வாரம்கூட இருக்காது.